சுடு அடுப்பு: வாங்கலாமா, செய்யலாமா?

(வானொலி உரை)



பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ பட்டணத்திலிருந்து பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊருக்கு வருகிறார்கள். வந்த மறுநாளே, "தாத்தா, தோட்டத்துல பார்பிக்யூ போடலாமா?" என்று ஆரம்பித்து விடுகிறார்கள். பார்பிக்யூ என்றதும் ஏதோ பெரிய சமாசாரம் என்று மலைத்துவிட வேண்டாம். வெட்டவெளியில் கரியை மூட்டி, மேலே கம்பித் தட்டு வைத்து, கறியோ மீனோ காயோ சுட்டுச் சாப்பிடுவதற்குத்தான் அந்தப் பெயர்.

சுட்டுத் தின்பது நமக்குப் புதிதா என்ன? காட்டு வேலைக்குப் போன இடத்தில் சோளக்கதிர் சுட்டுத் தின்னாதவர் யார்? பனம்பழம் சுட்டிருக்கிறோம். வள்ளிக்கிழங்கைச் சாம்பலில் புதைத்து எடுத்திருக்கிறோம். கத்தரிக்காயைச் சுட்டுக் கொத்சு வைத்திருக்கிறோம். ஆக, சுடுவது பழசு, அடுப்புதான் புதுசு.

இந்த அடுப்பைப் பற்றி மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். எந்த அடுப்பு நமக்கு ஏற்றது? அதை எப்படி மூட்டிச் சுடுவது? வேலை முடிந்த பிறகு மிஞ்சிய தணலை என்ன செய்வது? முதல் இரண்டையும் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்டது அந்த மூன்றாவதுதான். அதனால் கடைசி வரை கேளுங்கள்.

தீ வேறு, தணல் வேறு

முதலில் ஓர் அடிப்படை விஷயம். சுடுவது தீயில் அல்ல, தணலில். கொழுந்துவிட்டு எரிகிற தீயில் கறியைக் காட்டினால் மேலே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும், புகை நாற்றமும் ஏறும். தணல் அப்படியல்ல. சாம்பல் பூத்த கங்கிலிருந்து வரும் சூடு ஒரே சீராக இருக்கும். இஸ்திரிப் பெட்டிக்காரர் கரியை விசிறி விசிறி, புகை அடங்கின பிறகுதானே துணியில் பெட்டியை வைக்கிறார்? அதே கதைதான் இங்கேயும்.

விறகை எரித்தும் தணல் எடுக்கலாம். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். கரி என்றால் அந்தப் புகையும் ஈரமும் கரிமூட்டத்திலேயே போய்விட்டன. 1 கிலோ கரி கிடைக்க, மூட்டத்தில் ஏறக்குறைய 4 முதல் 6 கிலோ விறகு போடவேண்டியிருக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போடுவது அங்கே பலருக்கும் பிழைப்பு. அந்தக் கரி சுடு அடுப்புக்கு நன்றாகவே உதவும். தென்னை உள்ளவர்கள் கொட்டாங்கச்சிக் கரியைப் பயன்படுத்தலாம். நல்ல சூடு கொடுக்கும், நின்றும் எரியும்.

நல்ல கரி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று சத்தம் வந்தால் நன்றாக வெந்த கரி. உடைத்தால் உள்ளே பளபளப்பாக இருக்க வேண்டும். மரநிறம் தெரிந்தால் அது அரைவேக்காடு, புகையும். ஈரம் பட்ட கரி வெடித்துச் சிதறும். ஆகவே சாக்கை மழையிலோ வெறுந்தரையிலோ வைக்காதீர்கள்.

எந்த அடுப்பு?

எப்போதாவது ஒருநாள் சுடுகிறவர்களுக்குச் செங்கல் அடுப்பே போதும். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, குறுக்கே கம்பித் தட்டு வைத்தால் முடிந்தது. வேலை ஆனதும் பிரித்து எடுத்து விடலாம். ஒன்று மட்டும் கவனம். ஆற்றுக் கல், குளத்துக் கல் எதையும் அடுப்புக்கு வைக்காதீர்கள். உள்ளே ஊறியிருக்கும் நீர் சூட்டில் ஆவியாகி, கல் வெடித்துத் தெறிக்கும். காய்ந்த செங்கல்தான் நல்லது.

வருஷத்தில் நாலைந்து தடவை உறவுக்காரர்கள் கூடுகிற வீடு என்றால் பாதி டிரம் அடுப்பு ஏற்றது. 200 லிட்டர் இரும்பு டிரம்மை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் சுமார் 3 அடி நீளத்தில் ஒரு தொட்டி கிடைக்கும். வெல்டிங் பட்டறையில் நாலு கால் வைத்து, அடியில் வரிசையாகக் காற்றுத் துளை போடச் சொல்லுங்கள். அடியிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் கரி தாங்குவதற்கு ஒரு கம்பித் தட்டு, அதற்கு மேல் உணவு வைக்க இன்னொரு தட்டு. இரண்டுக்கும் நடுவே அரையடி இடைவெளி இருக்கட்டும். கரியின் கனம் போக 10 செ.மீ.க்குக் குறையாமல் இடம் இருக்க வேண்டும். மேல்தட்டை ஏற்றி இறக்க இரண்டு மூன்று படி வைத்துவிட்டால் ரொம்ப வசதி.

டிரம் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பூச்சிமருந்து, ஆசிட், பெயிண்ட், ஆயில் வைத்திருந்த டிரம் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டவே வேண்டாம். கழுவினால் போய்விடும் என்று நினைப்பது தவறு. அதிலும், எரிகிற சரக்கு இருந்த டிரம்மை அறுக்கும்போது உள்ளே தங்கிய ஆவி தீப்பிடித்து வெடிப்பதுண்டு. சமையல் எண்ணெய் போன்ற உணவுச் சரக்கு வந்த டிரம்மாகக் கேட்டு வாங்குங்கள். அதையும் நன்றாகக் கழுவி, அனுபவமுள்ள பட்டறையில் கொடுத்தே அறுங்கள். அறுத்த பின் முதல் தடவை உணவு எதுவும் வைக்காமல் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நன்றாகத் தீ போட்டு, உள்பூச்சு முழுவதையும் எரித்துவிட வேண்டும். அந்தப் புகை உங்கள் மேல் படாதபடி காற்றுக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். ஆறினபின் கம்பித் துடைப்பம் போட்டுத் தேயுங்கள்.

கம்பித் தட்டிலும் இதே எச்சரிக்கைதான். ஜி.ஐ. வலை, ஜி.ஐ. கம்பி என்று விற்பதெல்லாம் துத்தநாகம் பூசியது. தணலில் பழுத்தால் அந்தப் பூச்சு கெடுதலான புகையைக் கிளப்பும். புளிப்பும் எலுமிச்சைச் சாறும் பட்டால் கரைந்து உணவிலும் சேரும். பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய தட்டும் ஆகாது. அதிலும் உலோகப் பூச்சு இருக்கும். பெயிண்ட் அடிக்காத, பூச்சு இல்லாத 6 மி.மீ. இரும்புக் கம்பியோ எவர்சில்வர் கம்பியோ வாங்கி, ஒரு விரல் அகல இடைவெளி விட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பியை வேலை முடிந்ததும் எண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது.

கடையில் ரெடிமேடாக வாங்குகிறவர்கள் கனத்தைப் பாருங்கள், பளபளப்பைப் பார்க்காதீர்கள். நான் ஒருமுறை சந்தையில் அழகாக இருக்கிறதே என்று ஒரு மடக்கு அடுப்பு வாங்கினேன். மூன்றாவது தடவை மூட்டினபோது அடித்தகடு ஓட்டை விழுந்து, தணல் முழுக்கத் தரையில் கொட்டிவிட்டது. நல்லவேளை, கீழே வெறும் மண். வைக்கோல் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் பகீர் என்கிறது. வாங்கும்போதே அடுப்பை ஒரு கையால் அசைத்துப் பாருங்கள். ஆடுகிற அடுப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மூடி போட்ட உருண்டை அடுப்பும் கடைகளில் கிடைக்கிறது. அது வந்த கதை சுவையானது. 1952ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிக்காகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர் ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்தார். தண்ணீரில் மிதக்கவிடும் இரும்பு மிதவைகளும் அந்தப் பட்டறையில் தயாராயின. திறந்த அடுப்பில் காற்றோடும் மழையோடும் அவர் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, மிதவைக்கான உருண்டையைப் பாதியாக அறுத்தார். கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். அதுவே இன்று உலகம் முழுக்க விற்கும் வெபர் அடுப்பு.

மூடியினால் என்ன லாபம்? கரிக்குக் காற்றுதான் தீனி. மூடியிலும் அடியிலும் உள்ள காற்றுத் துளையைத் திறந்தால் சூடு ஏறும். பாதி மூடினால் இறங்கும். முழுக்கோழி, பெரிய தொடைக்கறி போன்றவை நின்று நிதானமாக வேக அது உதவும். துண்டுக் கறியும் மீனும் மட்டும் சுடுகிறவர்களுக்கு மூடி இல்லாவிட்டாலும் குறை ஒன்றும் இல்லை.

மூட்டும் முறை

இடம் முக்கியம். வைக்கோல் போர், தட்டைப் படப்பு, கீற்றுக் கொட்டகை, மாட்டுத் தொழுவம் இவற்றிலிருந்து குறைந்தது 30 அடியாவது தள்ளி இருங்கள். காற்று அடித்தால் பொறி பறந்து போய் அவற்றின் மேல் விழாத பக்கமாகப் பாருங்கள். பலத்த காற்று வீசும் நாளில் மூட்டவே வேண்டாம். அடுப்பைச் சுற்றி இருக்கும் சருகைக் கூட்டித் தள்ளுங்கள். இரண்டு வாளித் தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பாலியெஸ்டர் சேலை, தொங்கும் துப்பட்டா வேண்டாம். பருத்தித் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு நில்லுங்கள்.

கரி பிடிக்கவில்லை என்று மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உணவில் நாற்றம் ஏறும் என்பது சின்ன விஷயம். அணைந்தது போலத் தெரியும் கங்கின் மேல் எண்ணெயை ஊற்றினால் குப்பென்று பிடித்துக் கேனுக்கே ஏறிவரும். முகமும் கையும் வெந்துபோகும். அதைக் கையாலும் தொடாதீர்கள்.

அதற்குப் பதில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. 15 கிலோ எண்ணெய்த் தகர டின் ஒன்றை எடுத்து மேலும் கீழும் திறந்துவிடுங்கள். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு மூன்று கம்பியைக் குறுக்கே நுழையுங்கள். அதற்குக் கீழே சுற்றிலும் துளை போடுங்கள். பிடித்துத் தூக்க ஒரு நீளக் கைப்பிடி வையுங்கள். கம்பிக்கு மேலே கரி, கீழே காகிதமும் தேங்காய் மட்டையும். கீழே தீ வைத்தால் காற்று புகைபோக்கியில் ஏறுவதுபோல் இழுத்துக்கொண்டு ஏறும். 20 நிமிஷத்தில் கரி முழுக்கப் பிடித்துவிடும். விசிற வேண்டாம், ஊதவும் வேண்டாம். எட்டு பத்துப் பேருக்குச் சுமார் 2 கிலோ கரியில் ஆரம்பிக்கலாம்.

எல்லாக் கரியிலும் வெள்ளைச் சாம்பல் பூத்ததும் அடுப்பில் கொட்டுங்கள். ஒரே பரப்பாகக் கொட்டாமல் ஒரு பக்கம் குவியலாகவும் மறுபக்கம் காலியாகவும் வையுங்கள். இதுதான் சுடுகிறவரின் கைச்சூட்சுமம். குவியல் பக்கம் மேல்நிறம் சிவக்கும். காலிப் பக்கம் உள்ளே வேகும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்க வேண்டாம், துண்டுகளைக் காலிப் பக்கம் நகர்த்துங்கள். தீ தானே அடங்கும்.

சூட்டை அளக்க ஓர் உபாயம். உணவு வைக்கும் உயரத்துக்குச் சற்று மேலே உள்ளங்கையைக் காட்டி "ஒண்ணு, ரெண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள். 2 அல்லது 3 எண்ணும்போதே கையை இழுத்துக்கொண்டால் கடும் சூடு. சின்னத் துண்டு, மீன் இவற்றுக்குச் சரி. 4, 5 வரை தாங்கினால் நடுத்தரம், கோழிக்கு ஏற்றது. 6, 7 தாங்கினால் மென்சூடு, கிழங்குக்கு ஆகும்.

என்ன சுடலாம்?

பிராய்லர் கோழி நேராகச் சுடலாம். நாட்டுக்கோழி அப்படி ஆகாது, ரப்பர் மாதிரி இழுக்கும். அதை முதலில் பாத்திரத்தில் முக்கால் வேக்காடு வேகவைத்து, ஆறவிடாமல் உடனே தணலுக்கு மாற்றுங்கள். தயிர், மஞ்சள், மிளகு, இஞ்சி, பூண்டு, உப்பு தடவி ஊறவைத்தால் நல்லது. வெல்லமோ தேனோ தடவுவதானால் இறக்குகிற நேரத்தில்தான். முதலிலேயே தடவினால் கருகும்.

பண்ணைக் குட்டையில் வளர்க்கிற ஜிலேபிக் கெண்டையை மசால் தடவி வாழையிலையில் பொதிந்து வைக்கலாம். மக்காச்சோளத்தைத் தோலோடு அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து அப்படியே வைத்தால் மணி காயாமல் வேகும். கத்தரிக்காய், குடைமிளகாய், வெங்காயம், வள்ளிக்கிழங்கு எல்லாமே ஆகும். சைவ வீடுகளுக்கும் இந்த அடுப்பு உதவும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வாசனைக்காகக் கண்ட குச்சியைத் தணலில் போடாதீர்கள். அரளிக் குச்சியில் கறி கோத்துச் சுடுவதும் அதை விறகாகப் போடுவதும் ஆபத்து, அது விஷச்செடி. பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்து ஏற்றிய மரம் இவையும் கூடாது.

கறி வெந்ததா என்று எப்படித் தெரியும்? எலும்பை ஒட்டிய கனமான இடத்தில் கீறிப் பாருங்கள். சிவப்பு தெரியக்கூடாது, வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் உள்ளவர்கள் கோழியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் எட்டியதா என்று பார்க்கலாம். பச்சைக் கறி வைத்த தட்டில் வெந்த கறியை வைக்காதீர்கள். சுட்டதை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடவேண்டாம். கடும் வெயில் காலத்தில் 1 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள். கருகின பகுதியை வெட்டி எறியுங்கள். அதில் ருசியும் இல்லை, உடம்புக்கும் ஆகாது.

தணலை என்ன செய்வது?

இப்போது அந்த மூன்றாவது விஷயத்துக்கு வருவோம். சாப்பாடு முடிந்தது. அடுப்பில் கரி பாதி மிஞ்சியிருக்கிறது. புகை இல்லை, தீ இல்லை. அந்த நேரம் பார்த்து மழை தூறுகிறது. "அடுப்பைத் திண்ணைக்குத் தூக்கு, கொட்டகைக்குள்ள வை" என்கிறோம். அல்லது மார்கழிக் குளிரில் காவலுக்குப் படுக்கிறவர், "இந்தக் கங்கை மோட்டார் ரூம்ல வச்சுக்கிட்டா கதகதப்பா இருக்கும்" என்று எடுத்துப் போகிறார். கதவையும் சாத்திக்கொள்கிறார்.

பெருமக்களே, இதுதான் எமன் வருகிற வழி. தணல் இருக்கும் வரை அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணையும் கரிக்காது. இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தில் இது ஏறி உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். விறகுப் புகை நம்மை இருமவைத்து வெளியே விரட்டும். தணல் விரட்டாது, அணைத்துக் கொல்லும். புகை இல்லையே, ஆபத்து இல்லை என்று எண்ணுவதுதான் தவறு.

ஆகவே, வீட்டுக்குள், மோட்டார் ரூமில், பிள்ளைகள் அடிக்கும் கூடாரத்தில், வண்டிக்குள் சுடு அடுப்பைக் கொண்டுபோகவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கூடாது. மழை வந்தால் அடுப்பு நனையட்டும். தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்துவிட்டு 108க்குப் போன் செய்யுங்கள்.

தணலை மண்ணில் புதைத்துவிட்டுப் போவதும் சரியல்ல. மண்ணுக்குள் பல மணி நேரம் சூடு அடங்காமல் கிடக்கும். மறுநாள் காலை வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதில் மிதிக்கும். தணலை ஒரு குழியில் கொட்டி, எட்ட நின்று தண்ணீர் ஊற்றுங்கள். ஆவி மேலே அடிக்கும். கம்பால் கிளறி மறுபடி ஊற்றுங்கள். சீறும் சத்தம் நின்று, கிளறிவிட்ட இடத்தில் அனல் அடிக்காத வரை இதைச் செய்ய வேண்டும். மூடி உள்ள அடுப்பானால் எல்லாத் துளையையும் அடைத்துவிட்டால் கரி தானே அணையும்; மிஞ்சிய கரி மறுமுறைக்கு ஆகும். அப்போதும் அடுப்பு முழுக்க ஆறும்வரை வெளியிலேயே இருக்க வேண்டும்.

யாருக்காவது கை சுட்டுவிட்டால் 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, மாவு எதையும் பூசாதீர்கள். கொப்புளம் பெரிதானால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மொத்தத்தில், பூச்சு இல்லாத கம்பி, சுத்தமான டிரம், சாம்பல் பூத்த தணல். இந்த மூன்றும் இருந்தால் ருசிக்குக் குறைவில்லை. பிறகு அந்த அடுப்பு வாசற்படி தாண்டாமல் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெரியவர் பொறுப்பு. பேரப்பிள்ளைகளுக்குச் சுட்டுக் கொடுங்கள். கடைசிக் கங்கை அணைக்கவும் அவர்களையே பக்கத்தில் நிறுத்திக் காட்டிக்கொடுங்கள். சுடுவதற்கு ஆசைப்படுகிற பிள்ளை, அணைக்கவும் தெரிந்துகொள்ளட்டும்.